மாத்திரை கேட்கும் வலி

கொட்டாவியைப் பார்த்துத்தான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது. காரிமங்கலம் பக்கத்தில் இருக்கும் என் பெரியம்மா வீட்டுத் திண்ணையில், சித்திரை வெயிலில், அண்ணன் ஓயாமல் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். மூக்கு ஒழுகியது. கண்ணில் நீர் கோத்திருந்தது. கையில் மயிர்கள் மார்கழிக் குளிரில் நிற்பதுபோலக் குத்திட்டு நின்றன. "கால் வலி தாங்க முடியவில்லை" என்றார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் தொப்பூர் கணவாயில் அவர் ஓட்டிவந்த லாரி கவிழ்ந்து, வலது கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்து, உள்ளே தகடு வைத்திருந்தார்கள். பெரியம்மா உள்ளே போய் மாத்திரை அட்டையை எடுத்துவந்தார். அண்ணன் இரண்டைப் பிதுக்கி வாயில் போட்டுக்கொண்டார். முக்கால் மணி நேரத்தில் பழையபடி பேசத் தொடங்கிவிட்டார். கால் வலி போயிருந்தது. கூடவே மூக்கொழுகலும் கொட்டாவியும் போயிருந்தன.

காலுக்குப் போட்ட மாத்திரை மூக்கொழுகலை ஏன் நிறுத்த வேண்டும்? இந்தக் கேள்வியை அன்றே வாய்விட்டுக் கேட்டிருந்தால் எங்கள் குடும்பத்துக்குப் பதினோரு மாதங்கள் மிச்சமாகியிருக்கும். கேட்கவில்லை. விபத்தில் அடிபட்ட உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் சொன்னோம், நானும் சொன்னேன்.

வலி மாத்திரை என்று நாம் ஒரே பெயரில் அழைப்பவற்றுக்குள் முற்றிலும் வேறான இரண்டு குடும்பங்கள் இருக்கின்றன. பாராசிட்டமால், டைக்ளோஃபினாக் போன்றவை ஒரு குடும்பம். அளவு மீறினால் கல்லீரலையோ சிறுநீரகத்தையோ வயிற்றையோ கெடுக்கும், ஆனால் மனிதனை ஏங்க வைக்காது. இன்னொன்று ஓபியாய்டு எனப்படும் அபின் வகை. கசகசாச் செடியின் பச்சைக் காயைக் கீறினால் வடியும் பால்தான் அபின். மார்ஃபினும் கோடீனும் அதிலிருந்து பிரித்தெடுக்கப்படுபவை. டிரமடால், டேபென்டடால், பென்டசோசின் ஆகியவை தொழிற்சாலையில் செய்யப்படுபவை என்றாலும் மூளையில் தட்டும் கதவு அதேதான். புற்றுநோயின் வலிக்கும், பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிறகான வலிக்கும் இந்த மருந்துகள் வரம். இதைப் படித்துவிட்டு யாராவது புற்றுநோயாளிக்கு மருத்துவர் எழுதித் தந்த மார்ஃபினைக் கொடுக்கத் தயங்கினால், நான் எழுதியது பாவமாகிவிடும்.

வீட்டில் இருக்கும் அட்டை எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று தெரிந்துகொள்ள, அதன் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். அதில் கம்பெனி வைத்த பெயரும் இருக்கும், அதன் அருகே மருந்தின் பெயரும் இருக்கும். மருந்தின் பெயரைப் படியுங்கள். சிவப்பு நிறத்தில் 'ஆர்எக்ஸ்' என்ற குறியும் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கையும் இருந்தால் அது ஹெச்1 பட்டியல் மருந்து, அதாவது மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதது. அந்தப் பட்டியலில் காசநோய் மருந்துகளும் சில ஆன்டிபயாடிக்குகளும் உண்டு என்பதால் கட்டத்தைக் கண்டதும் பயப்பட வேண்டியதில்லை. 'என்ஆர்எக்ஸ்' என்று சிவப்பில் இருந்தால் அது போதைப்பொருள் சட்டத்துக்கு உட்பட்ட மருந்து. டிரமடால் 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த ஹெச்1 பட்டியலில் இருக்கிறது. அந்தப் பட்டியல் மருந்தை விற்கும் கடைக்காரர், எழுதிக் கொடுத்த மருத்துவர், வாங்கிய நோயாளி, மருந்தின் அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். 2018 ஏப்ரலில் மத்திய அரசு டிரமடாலை 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள்ளும் கொண்டுவந்தது. இப்போது தமிழ்நாட்டுக் காவல்துறை பிடிக்கும் மாத்திரைகளில் அடிக்கடி அடிபடும் பெயர் டேபென்டடால். சட்டம் இவ்வளவு இருந்தும், அண்ணன் வழக்கமாக வாங்கிய கடையில் ஒருநாளும் சீட்டு கேட்டதில்லை. காலி அட்டையை நீட்டினாலே போதுமாக இருந்தது.

உடம்புக்குள் நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். இதைப் புரிந்துகொண்டால்தான் அந்தக் கொட்டாவி புரியும். மூளையிலும் தண்டுவடத்திலும் குடலிலும் இந்த மருந்துகள் வந்து உட்காரும் ஏற்பிகள் இருக்கின்றன. உடம்பு தானாகச் சுரக்கும் எண்டார்ஃபின்கள் என்ற வலியடக்கிகளுக்காக அமைந்த இருக்கைகள் அவை. மாத்திரை அங்கே உட்கார்ந்ததும் வலிச் செய்தி மங்குகிறது. மூளையின் இன்பப் பாதையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் பெருகுகிறது. குடல் மந்தமாகிறது, மூச்சு மெதுவாகிறது, கண்மணி சுருங்குகிறது. வாரக்கணக்கில் இது தொடர்ந்தால் மூளை சும்மா இருப்பதில்லை. எருது விடும் விழாவில் வடக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்து நிற்பவரைப்போல, மருந்து இழுக்கும் திசைக்கு எதிராகத் தானும் சாய்ந்துகொள்கிறது. விழிப்பையும் பதற்றத்தையும் கொடுக்கும் நோரெபிநெஃப்ரினைத் தூண்டி வைத்துக்கொள்கிறது. அதனால்தான் போன மாதம் ஒரு மாத்திரைக்கு அடங்கிய வலி இந்த மாதம் மூன்று கேட்கிறது. கயிறு திடீரென்று அறுந்தால் என்ன ஆகும்? பிடித்திருந்தவர் மல்லாந்து விழுவார்.

அந்த விழுதல்தான் விடுபடும்போது வரும் துன்பம். கடைசி மாத்திரை போட்டு எட்டு மணி முதல் ஒரு நாளுக்குள் கொட்டாவியில் தொடங்கும். பிறகு மூக்கொழுகல், கண்ணீர், வியர்வை, மயிர்க்கூச்செறிதல், வயிற்றைப் பிடித்து முறுக்குதல், பேதி, தூக்கமின்மை. எலும்புக்குள் யாரோ குடைவதுபோன்ற கை கால் குடைச்சலும் உண்டு. இரண்டாம் மூன்றாம் நாள் உச்சம் தொட்டு, ஒரு வாரம் பத்து நாளில் உடம்பு அடங்கும். தூக்கக் கேடும் ஏக்கமும் மாதக்கணக்கில் நீளக்கூடும். இதில் மிகக் கொடிய தந்திரம் ஒன்று இருக்கிறது. குடைச்சல் பழைய காயத்தின் மேல்தான் முதலில் ஏறி உட்காரும். கால் முறிந்தவருக்குக் காலிலும், முதுகு கெட்டவருக்கு முதுகிலும் வலிக்கும். நீண்ட நாள் அதிக அளவில் போட்டால் இந்த மருந்தே வலியுணர்வைக் கூர்மையாக்கிவிடுவதும் உண்டு. ஆகவே நோயாளி பொய் சொல்வதில்லை. "வலிக்கிறது" என்று அவர் சொல்வது முழு உண்மை. அந்த வலி காயம் கேட்கும் வலியா, மாத்திரை கேட்கும் வலியா என்று அவருக்கே தெரிவதில்லை.

எங்கள் இரண்டு மாவட்டங்களில் வலிக்குப் பஞ்சமே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2004 பிப்ரவரி வரை தருமபுரியும் கிருஷ்ணகிரியும் ஒரே மாவட்டமாக இருந்தன, நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த மாவட்டமாக. அந்த நீரை ஆண்டுக்கணக்கில் குடித்தவர்களுக்குப் பல்லில் கறையோடு நிற்காது. முதுகெலும்பு விறைக்கும், மூட்டு இறுகும், குனிந்து நிமிர முடியாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தடுப்பு என்ற சொல் இருப்பது அதனால்தான். 2013இல் அந்தக் குழாய்களில் காவிரி வந்தது. ஆனால் அதற்கு முன்பே இறுகிவிட்ட எலும்புகள் இளகப்போவதில்லை. கல் குவாரியில் துளை போடுகிறவர், பெங்களூரில் சாரம் ஏறிக் கட்டட வேலை செய்துவிட்டுச் சனிக்கிழமை இரவு பஸ்ஸில் ஊர் திரும்புகிறவர், ஓசூர் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்கிறவர், தேசிய நெடுஞ்சாலை 44இல் இரவெல்லாம் வண்டி ஓட்டுகிறவர் என்று யாரைக் கேட்டாலும் உடம்பில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டுவார்கள். நாளைக்கும் வேலைக்குப் போயாக வேண்டியவருக்கு, ஓய்வெடு என்று சொல்லும் மருத்துவரைவிட ஒரு மாத்திரையில் எழுப்பி நிறுத்தும் கடைக்காரர் நல்லவராகத் தெரிவார். இதில் அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

நாடு முழுக்க எவ்வளவு பேர் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான ஆய்வின்படி, 10 முதல் 75 வயது வரையிலான இந்தியர்களில் 2.06 சதவீதம் பேர் ஏதோ ஓர் அபின் வகைப் பொருளைப் பயன்படுத்துகிறார்கள். மருந்துக்கடை வழி வரும் அபின் வகையைப் பயன்படுத்துகிறவர்கள் 0.96 சதவீதம், அபினைப் பயன்படுத்துகிறவர்கள் 0.52 சதவீதம். அதாவது, கண்காணாத காட்டில் விளையும் அபினைவிடத் தெருமுனைக் கடையின் அட்டைதான் அதிகம் பேரைப் பிடித்திருக்கிறது. சிகிச்சை உதவி தேவைப்படுகிறவர்கள் ஏறக்குறைய 77 லட்சம் பேர்.

உடம்பு பழகிப்போவது ஒன்று, அடிமையாவது இன்னொன்று. மருத்துவர் சொன்ன அளவில் சில வாரங்கள் போட்ட எவருக்கும் உடம்பு பழகிப்போகும். படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடலாம், அது நோய் இல்லை. அடிமையாகிவிட்டவரின் அடையாளம் வாழ்க்கை மாத்திரையைச் சுற்றி வளைந்துகொள்வதுதான். அண்ணன் வீட்டில் அது சின்னச் சின்னதாக வந்தது. பத்து நாள் அட்டை நான்கு நாளில் தீர்ந்தது. ஒரே கடையில் வாங்கினால் கேள்வி வரும் என்று பாலக்கோடு, காவேரிப்பட்டணம் என்று வேறு ஊர்க் கடைகளுக்கும் போனார். எங்கே கிளம்பினாலும் முதலில் சட்டைப்பையைத் தொட்டுப் பார்ப்பார். தங்கையின் வளைகாப்புக்கு வந்து, சாப்பாட்டுக்கு முன்பே காணாமல்போனார். மலச்சிக்கலுக்கு மருந்து கேட்டார். பேசிக்கொண்டிருக்கும்போதே தலை தொங்கியது. நல்ல வெளிச்சத்தில் எல்லோருக்கும் கண்மணி சுருங்கும், அவருக்கு விளக்கு மங்கிய அறையிலும் ஊசிமுனையளவில் இருந்தது. நிறுத்த நினைத்தார், முயன்றார், முடியவில்லை. மருத்துவர்கள் வைத்திருக்கும் அளவுகோலில் இப்படிப் பதினொரு அடையாளங்கள் உண்டு. ஓராண்டுக்குள் இரண்டு பொருந்தினாலே கவனிக்க வேண்டும். அண்ணனுக்கு எட்டு பொருந்தியது என்று பிறகு கூட்டிப் பார்த்தேன்.

குடும்பத்தின் கண்ணுக்கு ஏன் தெரியவில்லை? வாயில் வாடை இல்லை, தள்ளாட்டம் இல்லை, ஊரில் சண்டை இல்லை. குடியை அடையாளம் காண நாம் நூறு ஆண்டுகளாகக் கற்றுவைத்திருக்கிற குறிகள் எதுவும் இதற்குப் பொருந்தாது. அதற்கும் மேல், கையில் இருப்பது மருந்து. டாக்டர் எழுதிக் கொடுத்தது. பெரியம்மா தன் மகனுக்கு நேரம் தவறாமல் எடுத்துக் கொடுத்தது தாய்ப்பாசம். பெண்கள் விஷயத்தில் இன்னும் மோசம். அறுவை சிகிச்சைக்குப் பிறகான இடுப்பு வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு சமையலும் தோட்ட வேலையும் பார்க்கிற பெண்ணை, வேலை நடக்கிற வரைக்கும், யாரும் உற்றுப் பார்ப்பதே இல்லை.

மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் இளைஞர்களைப் பற்றியும் செய்திகள் வந்தபடி இருக்கின்றன. மாத்திரை என்பது மருந்து மட்டும் அல்ல, அதைக் கெட்டியாக்கச் சேர்க்கும் மாவும் டால்க்கும் அதில் இருக்கின்றன. நரம்பில் ஏறினால் அவை இரத்தக் குழாயை அடைக்கும், சீழ்க்கட்டி வரும், நுரையீரலில் போய்த் தங்கும். ஊசியைப் பகிர்ந்தால் எச்.ஐ.வி.யும் ஹெபடைட்டிஸ் சி-யும் தொற்றும். முழங்கைக்குக் கீழே தழும்பு, வெயிலிலும் முழுக்கைச் சட்டை என்றால் அடிப்பதற்கு முன் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள்.

உயிர் போகும் வழி மூச்சு. அளவு மீறினாலும், குடியோடு சேர்ந்தாலும், அல்பிரசோலம், டயசிபாம் போன்ற தூக்க மாத்திரைகளோடு சேர்ந்தாலும் மூச்சு மெதுவாகி நின்றுபோகும். எழுப்பினாலும் எழாத தூக்கம், கரகரவென்ற வழக்கமில்லாத குறட்டை, நீலம் பாய்ந்த உதடும் நகமும், புள்ளியாகச் சுருங்கிய கண்மணி இவற்றில் எதைக் கண்டாலும் 108ஐ அழையுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சைப் பார்த்தபடி பக்கத்திலேயே இருங்கள், தூங்கித் தெளியட்டும் என்று விட்டுவிடாதீர்கள். மருத்துவமனையில் நலாக்ஸோன் என்ற ஊசி மருந்து இருக்கிறது, அந்த இருக்கைகளிலிருந்து அபின் மருந்தைத் தள்ளிவிட்டு மூச்சைத் திருப்பிக்கொண்டுவரும். டிரமடாலுக்குத் தனியாக இன்னோர் ஆபத்து உண்டு. அளவு கூடினால் வலிப்பு வரும். ஊரில் "திடீரென்று காக்காய் வலிப்பு வந்துவிட்டது" என்று சொல்லப்படும் இளைஞனின் சட்டைப்பையையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

உண்மை தெரிந்தபின் நாங்கள் செய்த முதல் காரியம் தவறானது. அட்டைகளை அடுப்பில் போட்டோம், அண்ணனை அறையில் வைத்துப் பூட்டினோம். மூன்று நாள் அவர் சுவரில் காலை உதைத்துக்கொண்டு கிடந்தார். நான்காம் நாள் ஜன்னல் வழியாக யாரோ நண்பர் கொடுத்த மாத்திரையோடு அது முடிந்தது. பிறகு குலதெய்வக் கோயிலில் கயிறு கட்டினோம். மனத்துக்கு அது ஊன்றுகோலாக இருந்தது, நான் மறுக்கவில்லை. ஆனால் மல்லாந்து விழுகிற உடம்பைக் கயிறு தாங்காது. இப்படி நிறுத்திவைப்பதில் மறைந்திருக்கும் பெரிய ஆபத்து வேறு. சில வாரம் மாத்திரை இல்லாமல் இருந்த உடம்பு தாங்கும் திறனை இழந்துவிடுகிறது. அப்போது மனம் தடுமாறிப் பழைய அளவையே போட்டால் அது கொல்லும். கருவுற்ற பெண்ணுக்கோ, திடீர் நிறுத்தம் வயிற்றுப் பிள்ளையையும் பாதிக்கும்.

சிகிச்சை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலிருந்து தொடங்குகிறது. தருமபுரியில் 2008 முதலும் கிருஷ்ணகிரியில் 2022 முதலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. மாவட்ட மனநலத் திட்டமும் இருக்கிறது. ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூர் நிம்ஹான்ஸ் இன்னும் பக்கம். அந்த மருத்துவமனை நிற்பதே ஓசூர் சாலையில்தான், போதை நோய்க்கென்று அங்கே தனி மையம் இருக்கிறது. முதலில் போனில் கேட்க வேண்டுமானால் தேசியப் போதை மீட்பு உதவி எண் 14446, மனநல ஆலோசனைக்கு 14416, தமிழ்நாடு அரசின் 104 ஆகியவை உண்டு. போகும்போது மாத்திரை அட்டைகளைக் கொண்டுபோங்கள், ஒரு நாளைக்கு எத்தனை என்று குறைக்காமல் சொல்லுங்கள். அண்ணன் நான்கு என்றார். நான் பக்கத்தில் இருந்து "பன்னிரண்டு, அண்ணா" என்றேன். தலைகுனிந்துகொண்டார். மருத்துவர் அதைக் கவனிக்காததுபோல எழுதிக்கொண்டு, "எங்கே வலிக்கிறது? ஒரு விரலால் காட்டுங்கள்" என்றார். அண்ணன் கையை விரித்துத் தோளிலிருந்து பாதம் வரைக்கும் தடவிக் காட்டினார்.

அவருக்குக் கொடுத்தது புப்ரினார்ஃபினும் நலாக்ஸோனும் சேர்ந்த மாத்திரை. நாக்குக்கு அடியில் வைத்துக் கரைய விட வேண்டும், விழுங்கக் கூடாது. புப்ரினார்ஃபினும் அதே இருக்கையில்தான் உட்காரும், ஆனால் பாதி அளவுக்குத்தான் கதவைத் திறக்கும். அதனால் குடைச்சல் அடங்குகிறது, கிறக்கம் வருவதில்லை. ஓர் அளவுக்கு மேல் மூச்சை அமுக்குவதும் இல்லை. கரைத்து ஊசி போட்டால் அதில் இருக்கும் நலாக்ஸோன் விழித்துக்கொண்டு தடுத்துவிடும். இதைத் தொடங்குவதற்கு நேரம் உண்டு. பழைய மாத்திரையை நிறுத்தி அரை நாள் ஒரு நாள் ஆகி, கொட்டாவியும் குடைச்சலும் வெளிப்படையாக வந்த பிறகே முதல் மாத்திரை. அவசரப்பட்டால் துன்பம் ஒரே வீச்சில் இறங்கும். அதனால்தான் மருத்துவர் கண்முன்னால் தொடங்குகிறார்கள். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு, ஊசி போட்டுக்கொள்வோருக்காக நடத்தும் மையங்களிலும் புப்ரினார்ஃபினை அன்றாடம் இலவசமாகக் கொடுக்கிறார்கள்.

"ஒரு போதையை விட்டுவிட்டு இன்னொரு போதையா?" என்று பெரியப்பா கோபப்பட்டார். நியாயமான கேள்விதான். உலகச் சுகாதார நிறுவனம் 2005இலேயே புப்ரினார்ஃபினையும், இதே சிகிச்சைக்குப் பயன்படும் மெத்தடோனையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது என்று நான் சொன்னதில் அவர் சமாதானம் ஆகவில்லை. இரண்டு வாரம் கழித்து மகன் விடியற்காலையில் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டியதைப் பார்த்த பிறகுதான் பேச்சை நிறுத்தினார். எத்தனை நாள் போட வேண்டும் என்பது ஆளுக்கு ஆள் மாறும், மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள். அதைக் குறைப்பதும் மருத்துவர் கையில். ஒரு வாரம் பத்து நாள் முற்றிலும் விலகியிருக்க முடிந்தவர்களுக்கு நால்ட்ரெக்ஸோன் என்ற வேறு மருந்து உண்டு, அது கதவையே மூடிவிடும். இவற்றோடு ஆலோசனையும் நடக்க வேண்டும்.

வழக்கு வந்துவிடுமோ என்ற பயத்தில் பலர் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள். போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்குக்கு உள்ளானவர்கூட, தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குக் கொடுக்கிறது. பாதியில் விட்டால் அந்த விலக்கு போய்விடலாம். 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் போதையால் வரும் நோயையும் மனநோய்க்குள் சேர்த்திருக்கிறது, நோயாளியின் விவரங்களை ரகசியமாக வைக்கச் சொல்கிறது, சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. தனியார் மறுவாழ்வு இல்லம் எதிலாவது சேர்க்கும்முன் மாநில மனநல ஆணையத்தில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள், யார் மருத்துவர் என்று கேளுங்கள். மூன்று மாதம் பார்க்கவே வரக்கூடாது என்று சொல்லும் இடத்தில் உங்கள் பிள்ளையை விட்டுவிட்டு வராதீர்கள்.

அண்ணன் நான்காம் மாதத்தில் ஒருமுறை சறுக்கினார். பழைய கடை, பழைய அட்டை. இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் தானே பஸ் ஏறி மருத்துவமனைக்குப் போனார். திட்டு விழும் என்று எதிர்பார்த்துப் போனவரிடம், எந்த நேரத்தில் வாங்கத் தோன்றியது, அன்று என்ன நடந்தது என்று மருத்துவர் கேட்டிருக்கிறார். லாரி உரிமையாளரிடமிருந்து போன் வந்த நாள் அது. அதைப் பற்றித்தான் அன்று முழுக்கப் பேசினார்களாம்.

கால் இன்னும் வலிக்கிறது. மழைக்காலத்தில் அதிகம். போன ஐப்பசியில் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது எங்கே என்று கேட்டேன். குனிந்து, கணுக்காலுக்கு மேலே தகடு முடிகிற இடத்தை ஒரு விரலால் தொட்டார். அதற்குப் பாராசிட்டமாலும், நரம்பு வலிக்கான மாத்திரை ஒன்றும் எழுதியிருக்கிறார்கள். கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வருவார்கள் என்று கேள்விப்பட்டுப் பெரியம்மா போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தார். சொல்லிக் கொடுத்த பயிற்சியைக் காலையில் இருபது முறை, மாலையில் இருபது முறை அண்ணன் செய்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுவது பெரியம்மாவின் வேலை.